நாடாக் கருவி பேசும் மொழி



எங்கள் மணவூர் சிறிய ஊர். திருத்தணிகை மலைக்குத் தெற்கே, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவாலங்காட்டுக்கு அருகில் இருக்கின்றது. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை முதன்முதல் புகைவண்டி ஓடிய பாதை இதுவேயாகும். ஓய்வு பெற்ற பின்னர் மாலைதோறும் நிலையத்து மேடையில் சிறிது நேரம் உலாவி வருவதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அங்கே நிற்கும் சைகை விளக்குகளைப் பார்க்கும் பொழுதெல்லாம் எனக்கு ஒரு பழைய தவறு நினைவுக்கு வரும்.

சிவப்பு விளக்கு நில் என்கிறது. பச்சை விளக்கு செல் என்கிறது. மஞ்சள் விளக்கு என்ன சொல்லுகிறது? பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் பலர் “மெதுவாகப் போகலாம்” என்று விடையளிப்பார்கள். அது பாதி விடை. “போகலாம், ஆனால் அடுத்த விளக்கருகே நிற்பதற்கு ஆயத்தமாகப் போக வேண்டும்” என்பதே அதன் முழுப் பொருள். முற்பகுதியை மட்டும் படித்துப் பிற்பகுதியை விட்டுவிடும் ஓட்டுநர் என்ன ஆவார் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. இருப்புப்பாதையில் அல்லாமல், ஒரு கணிப்பொறி அறையில் நான் அத்தகைய ஓட்டுநராக நடந்துகொண்டேன். அதனாலேயே காந்த நாடாக் கருவிகள் தம்மை இயக்குவோரிடம் சொல்லும் செய்திகளைக் குறித்து இன்று பேச முன்வந்தேன்.

காந்த நாடா என்றவுடன் பாட்டுக் கேட்கும் பழைய ஒலிநாடா உங்கள் நினைவுக்கு வரலாம். கணிப்பொறி நாடாவும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் காந்தப்பொடி பூசப்பட்டிருக்கும். எழுதும் முனை அப்பொடியை இரு நிலைகளில் காந்தமாக்குகிறது. அவற்றை ஒன்று என்றும் சுழி என்றும் கொள்கிறோம். 1952ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 726 என்னும் நாடாக் கருவி, அரை அங்குல அகலமுள்ள நாடாவில் ஏழு தடங்களாக எழுதியது. ஓர் அங்குல நீளத்தில் நூறு எழுத்துகள் அடங்கின. நொடிக்கு 7,500 எழுத்துகளை அது படித்தது. 1973ஆம் ஆண்டில் நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்ட நாளில், நாடாச் சுருள்கள் உலகெங்கும் கணிப்பொறி அறைகளின் ஏடுகளாகவே விளங்கின.

அக்காலம் மலையேறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டில் வந்த எல்.டி.ஓ. என்னும் வகை நாடாவின் ஒன்பதாம் தலைமுறை 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேழைக்குள் 1,035 மீட்டர் நாடா. அதில் 18 டெராபைட் செய்தி. இப்பேழையை அலுவலகத்தார் கார்ட்ரிட்ஜ் என்பர். 2011ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜிமெயில் அஞ்சல் பயன்படுத்துவோருள் ஒரு சிறு பகுதியினருடைய கடிதங்கள் திடீரென மறைந்தபோது, கூகுள் நிறுவனத்தார் நாடாவில் வைத்திருந்த காப்புப் படிகளிலிருந்தே அவற்றை மீட்டுக் கொடுத்தனர். மென்பொருட் பிழை வட்டுகளிலிருந்த எல்லாப் படிகளையும் ஒருசேரத் தாக்கியது. கணிப்பொறியினின்றும் விலகித் தனியே கிடந்த நாடாவை அதனால் தொட இயலவில்லை.

இனி நாடாக் கருவி தன் பிழையைத் தானே எப்படி அறிகிறது என்பதைக் காண்போம். நான் ஆசிரியனாக இருந்தவன். ஆதலால் வருகைப் பதிவேட்டை உவமையாகக் கொள்கிறேன். அந்தப் பழைய ஏழு தட நாடாவில் ஆறு தடங்கள் எழுத்துக்கு உரியவை. ஏழாவது தடம் காவலுக்கு உரியது. ஆறு தடங்களிலும் உள்ள ஒன்றுகளை எண்ணி, மொத்தம் இரட்டைப்படையாக வரும்படி ஏழாவதில் ஒன்றையோ சுழியையோ எழுதி வைப்பதாகக் கொள்ளுங்கள். படிக்கும்போது மொத்தம் ஒற்றைப்படையாக வந்தால், ஏதோ ஒரு புள்ளி மாறிவிட்டது என்று தெரிகிறது. எந்தப் புள்ளி என்பது தெரியாது. இரண்டு புள்ளிகள் ஒருங்கே மாறினால் பிழை நேர்ந்ததே தெரியாது.

இக்குறையை எவ்வாறு நீக்குவது? வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் குறுக்குக் கூட்டல் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் நெடுக்குக் கூட்டல் உண்டு. ஒரு கட்டத்தை யாரேனும் திருத்திவிட்டால், ஒரு குறுக்குக் கூட்டலும் ஒரு நெடுக்குக் கூட்டலும் பொருந்தாமற் போகும். அவ்விரண்டும் சந்திக்கும் கட்டமே குற்றவாளி. அதைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்துவதும் எளிது. இக்கருத்தின் மிக வளர்ந்த வடிவமே, 1960ஆம் ஆண்டில் ரீடு, சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த திருத்தக் குறிமுறை. இன்றைய நாடாக்கள் அம்முறையையே கைக்கொள்கின்றன. ஆகவே சிறு பிழைகளைக் கருவி தானே திருத்திக்கொள்கிறது, நம்மை அழைப்பதில்லை.

அன்றியும், எழுதும் முனையை அடுத்துப் படிக்கும் முனை ஒன்று உண்டு. எழுதிய எழுத்து நகர்ந்த அக்கணமே அது படித்துப் பார்க்கிறது. சரியில்லையெனில், அப்பகுதியை நாடாவில் சற்றுத் தள்ளி மீண்டும் எழுதச் செய்கிறது. மாணவன் ஒரு சொல்லைப் பிழையாக எழுதி, அடித்துவிட்டு, அடுத்த வரியில் திருத்தி எழுதுவது போன்றது இது. கட்டுரை சரியாகவே முடியும். ஆனால் தாள் கூடுதலாகச் செலவாகும். இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

தன்னால் இயன்றவற்றைத் தானே செய்து முடித்தபின், தன்னால் இயலாததைக் கருவி நமக்குத் தெரிவிக்கிறது. அதுவே செய்தியாக வருகிறது. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. முதல் மூன்று எழுத்துகள், பேசுவது கணிப்பொறியின் எந்தப் பகுதி என்பதைக் குறிக்கும். நடுவிலுள்ள இலக்கங்கள் செய்தியின் எண். இறுதியில் நிற்கும் ஓரெழுத்தே நம்மிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதை உணர்த்தும். ‘ஏ’ என்றால், நீ உடனே ஒரு செயலைச் செய்ய வேண்டும். ‘டி’ என்றால், நீ ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். ‘ஈ’ என்றால், இப்போது இல்லாவிடினும் பின்னர் ஒன்று செய்ய வேண்டும். ‘ஐ’ என்றால், இது உன் அறிவுக்காக. ‘டபிள்யூ’ என்றால், கணிப்பொறி மேலே செல்லாது நின்றுவிட்டது.

எடுத்துக்காட்டாக, ஐ.இ.சி. 501 ஏ என்பது குறிப்பிட்ட நாடாவைக் குறிப்பிட்ட கருவியில் ஏற்றுக என்னும் கட்டளை. ஏற்றும் வரையில் அவ்வேலை காத்துக்கொண்டே இருக்கும். ஐ.ஓ.எஸ். 000 ஐ என்பது படிப்பதிலோ எழுதுவதிலோ பிழை நேர்ந்தது என்னும் தகவல். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். இறுதியில் ‘ஐ’ என்று இருப்பதால் அதனைப் புறக்கணிக்கலாம் என்பது பொருளன்று. உடனே கைவேலை ஏதும் இல்லை என்பதே பொருள். நோயாளியின் உடற்சூட்டைத் தாதி குறித்து வைப்பதும் தகவல்தான். அதனை மருத்துவர் படியாமல் விடுவாரா?

இன்னொரு வகைச் செய்தியும் உண்டு. நாடாக் கருவியும் கணிப்பொறியும் தமக்குள் பேசிக்கொள்ளும்போது, பிழையின் இனத்தை ஓர் எண்ணால் குறிக்கின்றன. 1 எனில் பிழை நேர்ந்தது, ஆனால் திருத்தப்பட்டுவிட்டது. 2 எனில் கருவி ஆயத்தமாக இல்லை, பேழை இல்லாதிருக்கலாம். 3 எனில் குற்றம் நாடாவிடம். 4 எனில் குற்றம் கருவியின் உறுப்புகளிடம். 5 எனில் கருவியால் ஏற்கமுடியாத ஒன்றை நாம் கேட்டுவிட்டோம். 6 எனில் நிலைமை மாறியிருக்கிறது, கவனிக்க. பேழையை மாற்றினாலும் இவ்வெண் தோன்றும். 7 எனில் நாடா எழுதப்படாதவாறு காக்கப்பட்டிருக்கிறது. 8 எனில் எழுத்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. இங்கே சொன்னவை எட்டு எண்களே, ஆயினும் நாடாவைக் குறை கூறுவதா, கருவியைக் குறை கூறுவதா, நம்மையே குறை கூறிக்கொள்வதா என்பதை அவை தெளிவாகப் பிரித்துவிடுகின்றன.

ஏழாம் எண்ணைப் பற்றி ஒரு சொல். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டின் பெயரால் வழங்கும் செப்பேடுகளை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்து 31 ஏடுகள் அவை. ஒரு வளையத்தில் கோத்து, சோழர் முத்திரையிட்டிருந்தார்கள். முத்திரையைக் குலைக்காமல் ஓர் ஏட்டை நீக்கவோ நுழைக்கவோ முடியாது. பழைய நாடாச் சுருள்களுக்கும் ஒரு வளையம் இருந்தது. ஆனால் அதன் பொருள் நேர்மாறானது: சுருளின் பின்புறம் பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் கருவி எழுதும், கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே செய்யும். இன்றைய பேழைகளில் வளையத்துக்குப் பதிலாக ஒரு சிறு நகர்த்தி இருக்கிறது. ‘எழுத முடியவில்லை, காக்கப்பட்டிருக்கிறது’ என்னும் செய்தி வந்தால், சினங்கொண்டு நகர்த்தியைத் தள்ளிவிடாதீர்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்தால் அதைப் பூட்டியிருக்கிறார். முதலில் பேழையின் பெயரைப் படியுங்கள். 1969ஆம் ஆண்டில் மனிதன் நிலவில் இறங்கிய காட்சியின் மூலப் பதிவுகளைத் தாங்கிய நாடாக்களை அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் நெடுநாள் தேடினர். அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டில் முடிவுகட்டினர். அழித்து எழுதுவது அத்துணை எளிது.

இனி என் தவற்றைச் சொல்லுகிறேன்.

2015ஆம் ஆண்டு. அப்போது நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியன். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கறையான் வாய்ப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காக்க எண்ணினேன். என் பழைய மாணவர் ஒருவர் நகரத்து நிறுவனமொன்றில் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றி வந்தார். அவருடைய மேலாளரின் இசைவோடு, எங்கள் படங்கள் அந்நிறுவனத்தின் வட்டில் இடம்பெற்றன. மாதந்தோறும் கடைசிச் சனிக்கிழமை இரவில் வட்டு முழுவதையும் புதியதொரு நாடாப்பேழையில் படியெடுப்பார்கள். எங்கள் பதிவேடுகள் அவ்வரிசையின் கடைசியில் இருந்தன. அது எல்.டி.ஓ. நான்காம் தலைமுறைப் பேழை. 820 மீட்டர் நாடா. 800 கிகாபைட் கொள்ளும். தடங்கள் 896, ஒரு தடவைக்கு பதினாறு தடங்களாக, ஐம்பத்தாறு முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினால்தான் பேழை நிறையும்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் நான் அங்குச் சென்றிருந்தபோது, கருவியின் முகப்பிலிருந்த சிறு கட்டத்தில் ‘சி’ என்னும் எழுத்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. “என்னப்பா இது?” என்று கேட்டேன். “தலையைத் துடைக்கச் சொல்லுகிறது ஐயா. துடைக்கும் பேழை தீர்ந்துவிட்டது, வாங்குவதற்கு எழுதி அனுமதி பெற வேண்டும்” என்றார் அவர். “எழுதுவதை நிறுத்திவிட்டதா?” என்றேன். “இல்லை ஐயா, எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.” “அப்படியானால் எழுதட்டும். இதற்காக உன் மேலாளரைத் தொந்தரவு செய்யாதே” என்றேன். ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை அவர், விட்டுவிட்டார்.

அதன் பின் நடந்தவற்றை வரிசைப்படுத்திக் கேளுங்கள். நாடாவினின்று உதிரும் நுண்பொடி முனையில் படிந்திருந்தது. அதனால் எழுத்து மங்கியது. படிக்கும் முனை அதைக் கண்டு, மீண்டும் எழுதச் செய்தது. எழுத்துப் பிழையின்றி முடிந்தது. ஆனால் நாடா கூடுதலாகச் செலவாயிற்று. ஆகஸ்டு மாதத்துப் பேழை மயிரிழையில் போதுமானதாயிற்று. செப்டம்பர் மாதத்துப் பேழை, எங்கள் பதிவேடுகள் முழுவதும் ஏறுமுன்பே தீர்ந்துவிட்டது. கருவி தன் கடமைப்படி, அடுத்த பேழையை ஏற்றுக என்று கேட்டது. நள்ளிரவு, அறையில் ஒருவரும் இல்லை. குறித்த நேரம் காத்திருந்துவிட்டு, வேலை தானே முடித்துக்கொண்டது. காலையில் திரையில் நின்ற செய்தியின் முதற்சொல் ‘முடிந்தது’ என்பது. அதனை அடுத்து, ‘சில கோப்புகள் எழுதப்படவில்லை’ என்னும் வரி இருந்தது. எல்லோரும் முதற்சொல்லைப் படித்தோம். அக்டோபரிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையையும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தையும் பெருமழை வருத்தியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பள்ளியில் பதிவேடுகள் இருந்த அறை ஒழுகிற்று; தாள்கள் கூழாயின. நகரத்திலோ கணிப்பொறி அறையில் நீர் புகுந்து வட்டு பழுதாயிற்று. “கவலையில்லை, நாடா இருக்கிறது” என்று நான் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேன். ஜனவரியில் நாடாவைப் படித்தார்கள். ஆகஸ்டு வரை எடுத்த படங்கள் யாவும் வந்தன. அதற்குப் பின் எடுத்த இரண்டு பதிவேடுகள் எந்தப் பேழையிலும் இல்லை. அவற்றுள் ஒன்று 1953ஆம் ஆண்டின் சேர்க்கைப் பதிவேடு.

சில திங்கள் கழித்து ஒரு மூதாட்டியார் பள்ளிக்கு வந்தார். அவருடைய அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1948 என்பதற்கு மாறாக 1958 என்று பதிவாகியிருந்தது. அறுபது நிரம்பவில்லை என்று முதியோர் உதவித்தொகை மறுக்கப்பட்டது. “நான் இந்தப் பள்ளியில்தான் ஒண்ணாம் கிளாஸ் சேர்ந்தேன், ஐயா. என் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்கும்; பார்த்து ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்” என்றார். அவர் சேர்ந்த ஆண்டு 1953. என்ன சொல்வேன்? பின்னர் மருத்துவச் சான்று பெற்று அவர் காரியம் கைகூட எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களுக்கும் உரிய விலை, நான் படித்தும் பொருட்படுத்தாத ஓரெழுத்து.

குற்றம் கருவியுடையதன்று. அது மூன்று முறை சொல்லியது. முதலில் எச்சரித்தது, அடுத்துக் கட்டளையிட்டது, இறுதியில் நடந்ததை நடந்தவாறே அறிவித்தது. நாடாக் கருவிகளின் எச்சரிக்கைகளுக்கு டேப் அலர்ட் என்று ஒரு பொது ஒழுங்கு உண்டு. அதிலும் தகவல், எச்சரிக்கை, நெருக்கடி என மூன்று படிகளே உள்ளன. அவ்வொழுங்கில் 21ஆம் குறி, முறைப்படி துடைக்கும் காலம் வந்துவிட்டது என்னும் எச்சரிக்கை; 20ஆம் குறி, இப்போதே துடை என்னும் நெருக்கடி. அதாவது மஞ்சள் விளக்கும் சிவப்பு விளக்கும். துடைக்கும் வேலையோ, அதற்கென்றுள்ள பேழையைச் செருகிச் சில நிமிடங்கள் காத்திருப்பதுதான்.

மாணவர்களே, நாளை நீங்கள் வங்கியிலோ மருத்துவமனையிலோ ஆராய்ச்சிக்கூடத்திலோ இத்தகைய கருவியருகே நிற்கலாம். செய்தி ஒன்று வந்தால் நான்கு வினாக்களைக் கேளுங்கள். பேசுவது யார்? எந்த நாடாவைக் குறித்துப் பேசுகிறது? என்ன நேர்ந்தது? என்னிடம் என்ன வேண்டுகிறது? இந்நான்குக்கும் விடை எழுதி, நாளும் நேரமும் குறித்து வையுங்கள். செய்தியைத் துடைத்துவிட்டு மீண்டும் முயல்வது பிறகு ஆகட்டும். துடைத்தபின் அதனை எங்கே தேடுவீர்கள்?

குற்றம் நாடாவிலா, கருவியிலா என்று ஐயம் எழுந்தால், முதலில் முனையைத் துடையுங்கள். பிறகு, இழப்பதற்கு ஏதுமில்லாத ஒரு புதிய பேழையை இட்டுச் சோதியுங்கள். அது நன்றாக ஓடினால், பழைய பேழையே ஐயத்துக்குரியது. அதுவும் பிழைத்தால், கருவியே ஐயத்துக்குரியது. பழுதுற்ற பேழையை ஒவ்வொரு கருவியாக மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பது, தொற்றுநோய் கொண்டவனை வீடுவீடாக அழைத்துச் செல்வது போலாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி முடிந்த நாடாவிலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பையாவது திரும்பப் படித்துப் பாருங்கள். செப்டம்பரில் நாங்கள் எங்கள் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திரும்பக் கேட்டிருந்தால், தாள்கள் நனையுமுன்னரே உண்மை தெரிந்திருக்கும்.

இப்போது அந்தப் பழைய மாணவர் வேறொரு நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். தம்மிடம் புதிதாகப் பணியில் சேரும் இளைஞர்களிடம் துடைக்கும் பேழை இருக்கும் அலமாரியைத்தான் முதல் நாளிலேயே காட்டுவாராம். “கடைசி இரண்டு மிச்சமிருக்கும்போதே வாங்க எழுதிவிடுகிறேன், ஐயா” என்று சென்ற மாதம் என்னிடம் சொன்னார். நான் அவருக்குக் கற்பிக்கத் தவறியதை அவர் பிறருக்குக் கற்பிக்கிறார். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.